கரையில் ஒரு ஆள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் தோசையைப் பிட்டுக்கொண்டே, "மெர்சிங் பக்கம் கடல்ல ஒரு தீவுக் கூட்டம் இருக்கு. பேக்கேஜ் கீக்கேஜ் ஒண்ணும் வேணாம், நாமளே போயிட்டு வரலாமா?" என்றார். முக்குக் கடைக்குப் போய் வெங்காயம் வாங்கி வரலாமா என்கிற குரலில் கேட்டார். 

வெங்காயம் வாங்குகிற விஷயமா இது? அந்த மனிதருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பக்கம் கூடப்பிறந்தவர்களும் இல்லை. உலு திராமில் ஒரு வரிசை வீடு, வாசலில் ஒரு பழைய கார், உள்ளே நாங்கள் இருவர். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சண்டை போட ஆள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது.

"கடலா? உங்களுக்கா? டாக்டர் கேட்டா நம்மள ஓட ஓட விரட்டுவாரு," என்றேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மெதுவா இருந்தா போகலாம்னுட்டாரு."

அப்போதுதான் தெரிந்தது, மனிதர் என்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டாவது தோசையை நான் ஊற்றவே இல்லை.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். பாசிர் கூடாங்கிலிருந்து மாசாய், மாசாயிலிருந்து பாசிர் கூடாங், ஷிப்டுக்கு ஷிப்டு அதே சாலை. நெஞ்சுவலிக்குப் பிறகு கம்பெனி அவரைப் பேருந்திலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டது. தினமும் காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைக் காடு. அதன் ஓரமாக நடக்கப் போனவர், நடப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். முதலில் மீன்கொத்தி, பிறகு பருந்து, ஒருநாள் இருவாச்சி. வீட்டுக்கு வந்து, "ஜோடியா வந்துச்சும்மா, பெரிய மூக்கு!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கையை விரித்துக் காட்டினார். எங்கேயோ சொல்லிவைத்துப் பழைய பைனாகுலர் ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் கைப்பேசியில் ஒரு கடல் பறவையைப் பார்த்துத் தொலைத்தார். கன்னங்கரேல் என்று இருக்கும். இறக்கையை விரித்தால் ஓர் ஆள் நீளத்துக்கு மேல், வால் கத்தரிக்கோல் மாதிரி பிரிந்திருக்கும். அது தானாக மீன் பிடிப்பதோடு, அடுத்த பறவை பிடித்த மீனையும் விரட்டிப் பறித்துத் தின்னுமாம். "திருட்டுப் பறவையைப் பாக்கவா இவ்ளோ ஆட்டம்?" என்று கேட்டேன். அந்தத் தீவுக் கூட்டத்தில் மனிதர் இல்லாத ஒரு பாறைத் தீவு இருக்கிறது, பொழுது சாயும்போது அந்தப் பறவைகள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து இறங்கும், சுற்றுலா நிறுவனத்தின் படகுகள் அந்தப் பக்கம் போகாது, நாமே படகு பேசிப் போனால்தான் உண்டு என்றார். தீவுகளின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள், அந்தப் பாவம் எனக்கு எதற்கு.

நான் ஒத்துக்கொள்ளப் பல நாள் ஆனது. பொய் சொல்வானேன், மனத்தால் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் முகத்தில் ஓர் ஓரம் அணைந்து கிடந்தது. தீவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது மறுபடி எரியும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாளைக்கு முடியாது முடியாது என்பது?

சரி என்று தலையாட்டியதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் மேசையில் வரைபடத்தை விரித்து, எந்தத் தீவில் தங்குவது, எந்தத் தீவில் உடும்பு அதிகம், எந்தக் கரையோரம் சுறாக்குட்டிகள் முழங்கால் தண்ணீரில் வருகின்றன என்று விளக்குவார். எனக்கு அவர் விரல் நகர்ந்த இடமெல்லாம் நீலமாகத்தான் தெரிந்தது. இவ்வளவு தண்ணீர்! அந்த நீலத்தின் நடுவில் இவருக்கு நெஞ்சு வலித்தால் நான் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவேன்?

போன முறை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம், ஆண்ட்டி," என்று சொன்னார். அன்று இவருக்கு வலி வந்தது நெடுஞ்சாலையில், ஆம்புலன்ஸ் கூவிக்கொண்டு வந்த இடத்தில். தீவிலிருந்து படகில் கரைக்கு வர வேண்டும். கரையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அந்தக் 'கொஞ்சம் லேட்டு' என்பது எத்தனை முறை முடிந்துவிடும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மனம் கணக்குப் போடும். போட்டு முடிக்காமல் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவேன்.

"அங்க கிளினிக் இருக்கா?" என்று கேட்பேன்.

"கம்பத்துல ஒண்ணு இருக்கும்மா." தீவுக் கிராமத்தைத்தான் கம்பம் என்றார்.

"ஆள் இருப்பாங்களா?"

"இருப்பாங்க லா."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் படத்தை மடிப்பார்.

இனி, எல்லாவற்றையும்விட நான் பெரிதாகப் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். படித்தவர்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். நான் கண்ணுக்குப் பயப்படுகிறவள். கல்லடி பட்டால் ஆறிவிடும் என்று நினைக்கிறவள், கண்ணடியை அப்படி நினைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவேன். நெடி வந்தால் நிம்மதி. நெடி வராமல் மிளகாய் கருகினால் யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று அன்று முழுக்க ஒவ்வொரு முகமாக யோசித்துக்கொண்டிருப்பேன்.

அவருக்கு நெஞ்சுவலி வந்ததற்கு மூன்று நாள் முன்னால் எங்கள் வீட்டில் தீபாவளித் திறந்த இல்லம், வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. என் நாத்தனாரும் வந்திருந்தாள். அவருடைய ஒரே தங்கை, மாசாயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், மின்னியல் தொழிற்சாலையில் வேலை. மனத்தில் வருவதை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சிரிக்கிற பிறவி. கையில் முறுக்குத் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்று, "எங்கண்ணனைப் பாருங்க! அம்பத்தஞ்சு வயசுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஒரு மாத்திரை இல்ல, ஒரு ஊசி இல்ல, இரும்பு மாதிரி இருக்காரு!" என்றாள். அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

நாலாம் நாள் அந்த இரும்பு சாலையோரத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். வார்டு வாசலில் நான் நின்றேன். "உள்ள கூட்டம் சேக்கக் கூடாதுன்னுட்டாங்க, நீ வீட்டுக்குப் போ," என்றேன். மறுநாளும் வந்தாள், மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாள் சூப் பாத்திரத்தை நர்சிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு கல்யாணம் காட்சி என்று எங்கேயாவது பார்த்தால் 'வாங்க அண்ணி' என்பாள், அண்ணன் பக்கம் வர மாட்டாள். பத்து நாற்காலி தள்ளி உட்காருவாள். நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பெற்ற தாய் மாதிரி இவரைக் காவல் காக்க வேண்டியவள் நான்தானே?

ஆகவே தீவுக்குப் போகும் விஷயத்தில் கண்டிப்பாக ஒரு கட்டளை போட்டேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

"தங்கச்சிகிட்டயாச்சும் ஒரு வார்த்தை," என்று இழுத்தார்.

"கூடவே கூடாது. போயிட்டு நல்லபடியா வந்தப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லுங்க. இப்ப வாயைத் திறந்தீங்க, நான் வரல."

அவர் திறக்கவில்லை. ஸ்டோரில், ஈப்போவில் ஒரு கல்யாணம் என்று சொல்லி விடுப்பு எடுத்தார். நான் வேலை செய்யும் பிஸ்கட் தொழிற்சாலையிலும் அதே கல்யாணம்தான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடமும் ஈப்போ என்றேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அந்த அக்கா கேட்க, நான் வக்கீல் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கும் ஒன்றுமில்லை என்றேன். சாமிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

திட்டம் போட்டோம் என்றால் அப்படி ஒரு ரகசியமாகப் போட்டோம், ஏதோ வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர்கள் மாதிரி. மழைக்காலம் முடிந்து படகுகளுக்குக் கடல் திறந்ததும் ஒரு சனிக்கிழமை மெர்சிங்குக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வந்தோம். ஆற்றுமுகத்தில் தண்ணீர் ஏறினால்தான் படகு கிளம்பும், வற்றிவிட்டால் அடித்தட்டு மண்ணில் உரசும் என்று அன்றுதான் தெரிந்தது. அதாவது, நாம் நினைத்த நேரத்துக்குப் போகவும் முடியாது, வரவும் முடியாது. தேநீர்க் கடையில் விசாரித்து ஒரு படகுக்காரரின் எண்ணை வாங்கினார் இவர். அவர் மூலமாகவே தீவுக் கம்பத்தில் ஒரு வீட்டில் அறை பேசியாயிற்று. போகிற அன்று எங்களை இறக்கிவிட்டு அவர் கரைக்குத் திரும்பிவிடுவார், மறுநாள் சாயங்காலம் வந்து பாறைத் தீவைச் சுற்றிக் காட்டுவார், அதற்கு மறுநாள் கரைக்குக் கூட்டிவருவார் என்று ஏற்பாடு.

மூட்டை கட்டினேன். அரிசி, பருப்பு, ஊறுகாய், நெத்திலிச் சம்பல், பிளாஸ்க். இரண்டு மிதவைச் சட்டைகளை நானே கடையில் போய் வாங்கினேன், படகுக்காரரின் சட்டைகளை நம்பவில்லை. கடையிலேயே மாட்டிப் பார்த்தபோது இவர் சிரித்த சிரிப்பில் விற்பனைப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் ஒரு பாட்டில் அவர் சட்டைப் பையில், ஒரு பாட்டில் என் கைப்பையில். இருந்தாலும் வழியெல்லாம் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தேன். படகுக்காரரிடம் ஸ்டென்ட் பற்றிச் சொல்லலாமா என்று இவர் கேட்டார். நோயை வாயால் சொல்லிப் பெரிசாக்காதீர்கள் என்று அடக்கிவிட்டேன். சொன்னால் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயமும் இருந்தது. வேண்டாம் என்று நினைத்த பயணம் நின்றுவிடுமோ என்றும் பயப்படுகிறேன் பாருங்கள், என்ன புத்தியோ.

கிளம்பிய காலையில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, அப்புறம் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகை இருந்த வளைவில் இவர் காரை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். "யானையும் பாக்கணுமா? நேரா ஓட்டுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். அதட்டும்போது கொஞ்சம் பயம் குறைகிறது, அதனால் மெர்சிங் வரைக்கும் அதட்டிக்கொண்டே வந்தேன்.

படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றோரம் அந்தப் படகு கட்டியிருந்தது. நான் நினைத்ததில் பாதிதான் இருந்தது. படகுக்காரர் ஐம்பது வயதுக்காரர், வெயிலில் காய்ந்த முகம், அதிகம் பேசாத மலாய்க்காரர். மூட்டைகளை வாங்கி அடுக்கினார். இன்ஜினை உசுப்பிவிட்டார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்து மலாயில் கேட்டார்:

"கரையில யாரு?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் திரும்பச் சொன்னார். உங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது என் படகுக்கு ஏதாவது ஆகலாம், தீவில் உங்களுக்கு ஏதாவது ஆகலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஆள் கரையில் யார்? அவர் எண்ணைக் கொடுங்கள்.

இவர் சட்டென்று என் எண்ணைச் சொன்னார். நானும் அதே வேகத்தில் இவர் எண்ணைச் சொன்னேன்.

படகுக்காரர் குறித்துக்கொள்ள ஆரம்பித்து, நிறுத்தி, இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டு போனும் என் படகுலதானே வரப்போகுது?" என்றார். முதலில் சிரித்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து இன்ஜினை அணைத்துவிட்டார்.

அந்தச் சத்தம் நின்றதும்தான் எனக்கு உறைத்தது. இந்த உலகத்தில் ஒருவருக்கும், ஒரே ஒருவருக்கும், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கடல் எங்களை விழுங்கினால் எல்லோரும் ஈப்போவில் தேடுவார்கள். வக்கீல் மாப்பிள்ளையைத் தேடுவார்கள். எங்கள் கார் மட்டும் மெர்சிங்கில் புழுதி படிந்து நிற்கும். கண்ணுக்குப் பயந்து பயந்து, அவரைத் தேட ஓர் ஆள்கூட இல்லாமல் நான்தான் வழித்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. பள்ளி விடுமுறைக்குக் கிளந்தானில் கம்பத்துக்குப் போவதாகச் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தொழிற்சாலைத் தோழி எண்ணைக் கொடுக்கவா என்று படகுக்காரரிடம் கேட்டேன். "அந்தப் பொம்பள உங்களுக்காகப் போலீஸ்ல போய்ச் சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டார். அவருடைய தம்பி படகு ஒருமுறை இன்ஜின் நின்று மிதந்ததாம், கரையில் யாருக்கும் தெரியாததால் யாரும் தேடவில்லையாம். தம்பி பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை. "தண்ணி இறங்குறதுக்குள்ள சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? "பாக்காதீங்க," என்றேன். அப்புறம் நானே போனை எடுத்து நாத்தனாரை அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அண்ணி? அண்ணனுக்கு என்னாச்சு?"

நான் அழைத்தால் அவளுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. "ஒண்ணும் ஆகல, நல்லா இருக்காரு," என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். தீவு, பறவை, மெர்சிங், படகு, கரையில் ஓர் ஆள் வேண்டும் என்பது. சொல்லி முடித்தபோது அவளுக்குப் பின்னால் யாரோ வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கியாமா?" என்றேன்.

"இருக்கேன் அண்ணி." பிறகு மெதுவாக, அவளுக்கு அந்தக் குரல் உண்டென்றே எனக்குத் தெரியாத குரலில், "நான் நேர்ல பாத்தாத்தான தப்பு? போன்ல இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.

அப்படியானால் அவள் கண்ணுக்குப் பயந்துதான் வாசலில் தடுத்தேன் என்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "போனைப் படகுக்காரர்கிட்ட குடுங்க," என்றாள். கொடுத்தேன். தொழிற்சாலையில் பத்து மொழிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிற மலாயில் அவரிடம் பேசினாள். அண்ணனின் நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறது, படகு குதிக்கிற இடத்தில் உட்கார வைக்காதே, இறக்கிவிட்டு நீ கரைக்கு வந்ததும் எனக்கு அழை, எந்த நாள், எந்த நேரம், எந்தத் தீவு, யார் வீடு? அவர் 'யா, யா' என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவுதான், போச்சு, ஏற்ற மாட்டார் என்று நினைத்தேன். ஆற்றுமுகத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னைக்குக் கடல் படுத்துக் கிடக்கு," என்று சொல்லி, முன்பக்கம் உட்காரப் போன இவரைப் பின்பக்கம் தன் காலடியில் மாற்றி உட்காரவைத்தார். அங்கேதான் தூக்கிப் போடாதாம்.

அந்த இரண்டு ராத்திரியும் மூன்று பகலும் நான் பட்ட பாட்டை விரித்து எழுதப்போவதில்லை. ஆற்றுமுகம் தாண்டியதும் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி ஒன்றுமில்லாமல் போயின. தீவில் கிளினிக் இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது. முழங்கால் தண்ணீரில் சுறாக்குட்டிகள் இவர் காலைச் சுற்றி வந்தன. நான் மணலில் நின்று ஐயோ ஐயோ என்று கத்த, கம்பத்துப் பெண்கள் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். சமையல் கட்டுவரை வந்த உடும்புக்கு வழிவிட்டு நின்றேன். இவர் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாலும் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். "இன்னும் இருக்கேன்மா," என்பார் கண்ணைத் திறக்காமல்.

பாறைத் தீவையும் பார்த்தோம். பொழுது சாயும் நேரம், படகுக்காரர் இன்ஜினைத் தணித்துவிட்டார். எங்கிருந்து வந்தனவோ, வானம் முழுக்க அந்தக் கருப்புப் பறவைகள். இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. திரும்பிப் பார்த்தால் இவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருக்கிறார்! கைப்பையைத் திறக்கிறேன், ஜிப் நகர மாட்டேன் என்கிறது. "என்னங்க? என்னங்க?" என்று உலுக்கினேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "வலியில்லம்மா," என்றார். "எவ்ளோ இருக்கு பாரு." நான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பாட்டிலைக் கரை சேரும்வரை கையிலிருந்து விடவில்லை.

திரும்புகிற அன்று படகு வரவில்லை. மதியத்துக்கு வர வேண்டியது. கடல் நடுவில் கருத்த ஒரு மழை திரை மாதிரி தொங்கியது. கம்பத்துப் பலகைத் துறையில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தோம். இவர் ஏதேதோ கதை சொன்னார், நான் கேட்கவில்லை. மழைக்கு அப்பால், கரையில், நாத்தனார் ஒருத்தி மட்டும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பயத்திலும் கையில் பிடித்துக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான். வெகுநேரம் கழித்துப் படகுக்காரர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். மழை விடும்வரை ஒரு தீவின் மறைவில் ஒதுங்கி நின்றாராம். வரும் வழியில் அலை எழும்பியது. இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆற்றுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. படகுத்துறையில் பத்துப் பதினைந்து பேர் நின்று வரும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த கடைச் சுவரைப் பார்த்து நின்றாள். தொழிற்சாலைச் சீருடை, தோளில் பை. யாரோ கோபித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"நம்ம தங்கச்சி லா," என்றார் இவர்.

முதலில் நான்தான் கரையேறினேன். ஓடி அவள் பின்னால் போய் நின்றேன். வேலையிலிருந்து அப்படியே பேருந்து பிடித்து வந்திருக்கிறாள், செருப்பெல்லாம் சேறு. என் காலடிச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை.

"அண்ணியா?" என்று சுவரைக் கேட்டாள்.

"நான்தான்மா."

"அண்ணன் கரையேறிட்டாரா?"

படகுக்காரர் கைகொடுக்க, இவர் பலகையில் கால் வைத்துக்கொண்டிருந்தார். "ஏறிட்டாரு," என்றேன்.

"நல்லா நிக்கிறாரா?"

"நிக்கிறாரு."

"அப்ப நான் திரும்பலாமா அண்ணி?"

அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்து நானே திருப்பினேன். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.